பிந்துவின் கைநாட்டு: ‘மந்தன்’ படத்தை மறுபடியும் பார்த்தல்

ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ 1976இல் வந்தது. குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம் என்று இந்திய சினிமா பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். பத்து லட்சம் ரூபாயை இப்படித் திரட்டி, படத்தின் தொடக்கத்திலேயே ‘ஐந்து லட்சம் விவசாயிகள் வழங்கும்’ என்று எழுத்துப் போட்ட படம் அதற்கு முன் இந்த நாட்டில் இல்லை. தங்கள் படத்தைப் பார்க்க அந்த மக்கள் லாரி லாரியாகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

அந்த இரண்டு ரூபாய் யாருடைய சட்டைப்பையிலிருந்தும் வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றியவர்களின் பால் பணத்திலிருந்து பிடிக்கப்பட்டது. பால் பணத்துக்குப் பின்னால் இருப்பது விடிவதற்கு முன் எழுந்து தொழுவத்தில் சாணி அள்ளி, எருமையைக் கழுவி, தீவனம் கலந்து வைத்து, மடியைத் தடவிக் கொடுத்துக் கறக்கும் வேலை. குஜராத்திலும் சரி, வேறு எங்கும் சரி, வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு பெண்ணுடையது. சங்கத்தின் பதிவேட்டில் இருந்த பெயரோ பெரும்பாலும் வீட்டு ஆணுடையது. ஒரு வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால் அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதை யாரும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆக, திரையில் வரும் அந்த ஐந்து லட்சத்துக்குப் பின்னால் பெயர் குறிக்கப்படாத தயாரிப்பாளர்கள் பல லட்சம் பேர் இருக்கிறார்கள்.

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ‘மந்தன்’ புதுப்பிக்கப்பட்ட வடிவில் காட்டப்பட்டது. பிறகு இங்கே திரையரங்குகளுக்கும் வந்தது. படம் வெளிவந்தபோது பிறந்திராத மாணவிகள் இப்போது அதைப் பார்க்கிறார்கள். கோவிந்த் நிஹலானியின் ஒளிப்பதிவில் அந்த வறண்ட மண்ணின் நிறம் மறுபடி துலங்கியிருப்பதைக் கொண்டாடுவதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இந்தப் படம் ஒரு பாடப்புத்தகமாகவும் பயன்பட்டது. வெளியுலகத்தோடு தொடர்பற்ற ஓர் ஊருக்கு வருமானம் தரும் திட்டம் ஒன்றை எப்படிக் கொண்டுபோவது என்று அது கற்றுக்கொடுத்தது. தேசியப் பால்வள வாரியம் படத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. படச்சுருளோடு ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பர், ஒரு தீவன வல்லுநர் என்று குழுவும் போனது. பாடப்புத்தகம் என்றால் அதில் என்ன விடுபட்டது என்றும் பார்க்க வேண்டும்.

கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கால்நடை மருத்துவர் மனோகர் ராவ் (கிரீஷ் கார்னாட்) தன் குழுவோடு குஜராத்தின் ஒரு சின்ன கிராமத்துக்கு ரயிலில் வந்து இறங்குகிறார். வரவேற்க வர வேண்டியவர்கள் தாமதமாக வருகிறார்கள்; ரயில் நேரத்துக்கு வந்துவிட்டதாம். அங்கே பாலை வாங்குபவர் தனியார் பால் பண்ணைக்காரர் மிஸ்ரா (அம்ரிஷ் புரி). பாலின் கொழுப்பு என்னவாக இருந்தாலும் அவர் வைத்ததுதான் விலை. கூட்டுறவுச் சங்கம் வந்தால் கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ற விலை கிடைக்கும் என்கிறார் ராவ். ஊர்த் தலைவர் (குல்பூஷண் கர்பந்தா) சங்கம் தன் கையில் இருக்கும்வரை ஆதரிக்கிறார். சங்கத் தலைவர் தேர்தலில் தலித் வேட்பாளரிடம் தோற்றதும் மிஸ்ராவோடு சேர்ந்துகொள்கிறார். வெளியூர்க்காரர்கள் மேல் கோபத்தோடு அலையும் தலித் இளைஞன் போலா (நசீருத்தீன் ஷா) மெல்ல ராவை நம்பத் தொடங்குகிறான். பிந்து (ஸ்மிதா பாட்டீல்) கையில் ஒரு குழந்தை, வீட்டில் ஓர் எருமை, ஊரில் இல்லாத கணவன் என்று வாழும் இளம்பெண். அவளுக்கும் ராவுக்கும் இடையில் சொல்லப்படாத ஒரு ஈர்ப்பு இருக்கிறது. கடைசியில் ராவ் ஊரை விட்டுப் போகிறார். சங்கத்தைப் போலா தூக்கிப் பிடிக்கிறான்.

சாதியைப் பற்றி இந்தப் படத்துக்கு இருக்கும் தெளிவை 1970களின் இந்திப் படங்கள் பலவற்றில் பார்க்க முடியாது. பால் வரிசையில் எல்லோரும் ஒன்றாக நிற்பதும், வாக்குச் சீட்டில் ஒரு தலித் ஜெயிப்பதும் ஊரின் அடித்தளத்தையே அசைக்கின்றன என்பதை விஜய் டெண்டுல்கரின் திரைக்கதை மழுப்பாமல் சொல்கிறது. வருமானம் என்பது பொருளாதாரம் மட்டுமே என்று நினைக்கும் திட்ட அலுவலர்கள் இன்றும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஊரில் பணம் வரும் வழி மாறினால் அதிகாரம் போகும் வழியும் மாறும்; அதைப் பொறுக்காதவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இவ்வளவு கூர்மையான கண், வீட்டு வாசலுக்கு வந்ததும் ஏன் மங்கிவிடுகிறது?

முதலில் அந்த ரயில். கேடா மாவட்டத்தின் உண்மையான வரலாறு ரயிலில் வந்து இறங்கிய நிபுணரிடமிருந்து தொடங்கவில்லை. 1946 ஜனவரியில் சமர்கா என்ற ஊரில் விவசாயிகள் கூடி, போல்சன் கம்பெனிக்கு இனிப் பால் தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பதினைந்து நாள் பால் நிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. தலைவராக இருந்தவர் உள்ளூர்க்காரரான திரிபுவன்தாஸ் படேல். வர்கீஸ் குரியன் ஆனந்துக்கு வந்தது 1949இல். படத்தின் கதையில் பங்குள்ள குரியனே இந்த வரிசையை நன்கு அறிந்தவர். படம் பின்னால் வந்த ‘வெண்மைப் புரட்சி’க் காலத்துக் குழுக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் ஊர் தானே முன்பு செய்த ஒன்றை, வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்ததாகக் காட்டும்போது, ஊருக்குள் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வியே எழாமல் போகிறது. அந்தப் பதினைந்து நாள்களை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பாலை அனுப்ப மறுத்தார்கள். எருமை மடியை நிறுத்தி வைக்காது. காலையும் மாலையும் கறக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மடி வீங்கும். அந்த வேலைநிறுத்தத்தில் ஒரு நாள்கூட வேலை நிற்காதவர்கள் பெண்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடையாது.

‘மந்தன்’ என்றால் கடைதல். தயிர் கடையும் மத்து அம்மாவின் கையில், பாட்டியின் கையில். பாற்கடலைக் கடைந்த கதையில் மத்து மலை, கயிறு பாம்பு, இழுத்தவர்கள் தேவரும் அசுரரும். பெண் அங்கே கடலுக்குள்ளிருந்து வெளிவரும் பொருள்களில் ஒருத்தி. படம் இந்த இரண்டாவது கடைதலைத்தான் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ராவும் மிஸ்ராவும் ஊர்த் தலைவரும் போலாவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

படத்தில் வரும் பெண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போலாவின் தாய்: நகரத்திலிருந்து வந்த ஒருவனால் ஏமாற்றப்பட்டவள், போலாவின் கோபத்துக்குக் காரணம். ராவின் குழுவிலிருக்கும் இளைஞன் ஒருவனோடு பழகும் ஊர்ப்பெண்: விஷயம் தெரிந்ததும் திட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று ராவ் அவனை ஊரை விட்டு அனுப்பிவிடுகிறார். ராவின் மனைவி: ஊருக்கு வந்து நோயில் விழுகிறாள். பிறகு பிந்து. வாழ்வாதாரத் திட்டம் ஒன்றைப் பற்றிய படத்தில் பெண்கள் எல்லோரும் ஆண்களின் நேர்மைக்கு வைக்கப்பட்ட பரீட்சைகளாகவே வருகிறார்கள். வெளியூர்க்காரன் நல்லவனா கெட்டவனா என்பது பெண்ணை அவன் என்ன செய்தான் என்பதில் தீர்மானமாகிறது. இளைஞனை அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று படமும் கேட்பதில்லை, ராவும் கேட்பதில்லை. திட்டம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

பிந்துவைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஸ்மிதா பாட்டீல் அவளைத் திரைக்கதை எழுதியதைவிடப் பெரியவளாக ஆக்கிவிட்டார். குந்தி உட்காரும் விதம், முந்தானையை இழுத்துச் செருகும் விதம், ராவை நேராகப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பும் விதம் எல்லாமே உழைத்துப் பழகிய உடம்பின் மொழி. ஊரில் எருமை வைத்திருக்கும் பெண் என்று நாம் முகம் பார்த்து அறிந்துகொள்ளும் ஒரே ஆள் அவள்தான். அவள் தனியாக ஒரு குடும்பத்தை ஓட்டுகிறாள். பால் விலை ஏறினால் யாரைவிடவும் அவளுக்குத்தான் அது சோறு. அப்படியானால் சங்கத்தின் முதல் உறுப்பினராக, கூட்டத்தில் எழுந்து பேசுபவளாக அவள் இருந்திருக்கலாம். திரைக்கதை அவளை ராவின் மனச் சலனமாக வைத்துக்கொள்கிறது.

கதையின் திருப்பம் வருகிறது. கணவன் திரும்பி வருகிறான். மிஸ்ராவின் ஏற்பாட்டில் ஒரு காகிதத்தில் பிந்துவின் கைநாட்டு வாங்கப்படுகிறது. ராவ் தன்னை வன்புணர்ச்சி செய்தார் என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

கூட்டுறவுச் சங்கம் என்பதே காகிதங்களால் ஆனது. உறுப்பினர் படிவம், பங்குத்தொகை ரசீது, கொழுப்பு எழுதிய சீட்டு, வாக்குச் சீட்டு. ஊரின் ஏழைகள் முதன்முறையாகத் தங்கள் பெயரை ஓர் அதிகாரப்பூர்வக் காகிதத்தில் பார்ப்பது இந்தப் படத்தின் உண்மையான பரவசம். அப்படிப்பட்ட படத்தில் பிந்துவின் விரல் பதிந்து, அதனால் கதையே திரும்பும் காகிதம் அவளுக்கு எதிரான பொய். சங்கத்தில் அவளுக்கு ஒரு வரி இல்லை; அவதூறில் அவளுக்கு முழுப் பக்கம் இருக்கிறது. பெனகல் இதை முரணாக உணர்ந்து வைத்தாரா என்று எனக்குச் சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாதவளை எப்படியும் பயன்படுத்தலாம் என்று காட்ட நினைத்திருப்பார். படம் பார்த்து வெளியே வருபவர் மனத்தில் தங்குவது நல்ல மனிதர் மேல் பொய்ப் புகார் சுமத்தப்பட்ட சோகம்.

அந்த ஆண்டில் இதன் பொருள் என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி வன்புணர்ச்சிக்கு ஆளானாள். கீழ்நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1976இல் உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய பகிரங்கக் கடிதத்திலிருந்துதான் நாடு தழுவிய பெண்கள் போராட்டம் மூண்டது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. கிராமத்து ஏழைப் பெண்ணின் புகாரை நம்ப நீதிமன்றமே தயாராக இல்லாத காலத்தில், நம் முற்போக்கு சினிமா காட்டத் தேர்ந்துகொண்டது நம்பக் கூடாத புகார். பிந்து பொய் சொல்லவில்லை, ஏமாற்றப்பட்டாள் என்று படம் கவனமாகவே சொல்கிறது. ஆனாலும் கதையை நகர்த்த ஒரு திருகாணி தேவைப்பட்டபோது எழுதியவர்களின் கை இதைத்தான் எடுத்தது.

படம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், அதே குஜராத்தில், இதற்கு நேரெதிரான ஒரு காட்சி நடந்திருக்கிறது. அகமதாபாத்தில் காய்கறி விற்பவர்கள், பழைய துணி வியாபாரிகள், தலைச்சுமைக்காரிகள் சேர்ந்த சேவா சங்கம் 1972இல் பதிவானது. அப்போதே, உங்களுக்கு முதலாளி யார் என்று கேட்டுத் தொழிலாளர் துறை இழுத்தடித்தது. 1974இல் அவர்கள் சொந்தமாக ஒரு கூட்டுறவு வங்கி வைக்க நினைத்தார்கள். நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். எழுதத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்த முடியும், கையெழுத்துகூடப் போடத் தெரியாதே என்றது பதிவுத் துறை. பொறுப்பாளர்களாகப் பதிவாக வேண்டிய பெண்கள் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்கள். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். வங்கி பதிவாயிற்று. எழுதத் தெரியாத வாடிக்கையாளர்களை அடையாளம் காண, கணக்கு எண் எழுதிய பலகையை அவர்களே பிடித்தபடி எடுத்த புகைப்படம் பாஸ் புத்தகத்தில் ஒட்டப்பட்டது. எலா பட் இதையெல்லாம் தன் நூலில் சொல்லியிருக்கிறார். இந்த இரவை யாரும் படமாக எடுக்கவில்லை. அகமதாபாத்துக்கும் ஆனந்துக்கும் தூரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

பெண்கள் எங்கே என்ற கேள்வியைக் கேடாவிலும் கேட்டவர்கள் இருந்தார்கள். தேவகி ஜெயின் 1980இல் வெளியிட்ட, பெண்களின் ஐந்து முயற்சிகளைப் பற்றிய நூலில் சேவா, லிஜ்ஜத் அப்பளம், மதுபனி ஓவியம், மணிப்பூரின் இரவுக் காவல் பெண்கள் ஆகியோரோடு கேடாவின் பால் உற்பத்தியாளர்களும் ஒரு பகுதி. படத்துக்கும் நூலுக்கும் இடையே நாலு ஆண்டுதான். 1986–87இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்டெப்’ திட்டத்தின் பணத்தில் பல மாநிலங்களில் பெண்களை மட்டுமே உறுப்பினராகக் கொண்ட பால் சங்கங்கள் உருவாயின. 2014இல் ஆந்திரத்தில் தொடங்கிய ‘ஸ்ரீஜா’ பால் உற்பத்தியாளர் நிறுவனம் முழுக்கப் பெண்களுடையது. இவை மேலிருந்து விழுந்த கருணை அல்ல; வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்று பல ஆண்டுகள் கேட்டதன் பலன்.

பெண்ணை உறுப்பினராக்கியதும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் அதே குஜராத்தில் பாடம் இருக்கிறது. 1980களின் கடைசியில் சேவா, பனாஸ்காண்டா மாவட்டத்தின் பாலைநில ஊர்களுக்குப் போனது. டச்சு உதவியில் வந்த குடிநீர்த் திட்டத்தோடு தொடர்புடைய வேலை அது. அந்த ஊர்கள் மழை பொய்த்தால் மாடு கன்றோடு கிளம்பிவிடுபவை. தண்ணீர் வந்தாலும் வேலை இல்லாவிட்டால் ஊரில் இருக்க முடியாது என்பதுதான் பெண்கள் சொன்னது. அவர்கள் கையில் ஒரு தொழில் இருந்தது: சீதனத்துக்காகத் தாமே தைத்துவைத்த பூத்தையல். பஞ்சகாலத்தில் அதை வியாபாரிகளிடம் கிடைத்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தையலைக் கூலிக்குத் தைக்கும் வேலையாக மாற்றி, பெண்கள் குழுக்களாகப் பதிவு செய்து, துணியும் நூலும் வாங்கிக்கொடுத்து, நகரத்தில் விற்றபோது புலம்பெயர்வது குறைந்தது. இது பெரிய சாதனை. அதே நேரம், தண்ணீர் சுமந்து, மாட்டைப் பார்த்து, சமைத்து முடித்த பிறகுதான் ஊசியை எடுக்க முடியும். மகளுக்காகத் தைக்கும்போது அவள் தேர்ந்தெடுத்த நிறத்தை இப்போது நகரத்து வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கிறார். வருமானம் வந்தது, வேலை நேரமும் கூடியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும் அறிக்கைகள் அரிது.

‘மந்தன்’ இந்தக் கணக்கைப் போடவே இல்லை. கொழுப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்பதோடு அதன் கணக்கு முடிகிறது. ஒரு வீட்டில் இரண்டாவது எருமை வந்தால் புல் அறுக்கக் கூடுதலாக எவ்வளவு நேரம், தண்ணீர் இன்னும் எத்தனை குடம், பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கப்போவது எந்த மகள் என்பது திரைக்கு வெளியே இருக்கிறது. கன்றுக்கும் வீட்டுக் குழந்தைக்கும் மீதி வைத்த பால் எவ்வளவு என்பதும் அப்படியே. வெண்மைப் புரட்சி மேல் பின்னாளில் பெரிய விவாதம் நடந்தது. 1983இல் கிளாட் ஆல்வாரிஸ் எழுதிய கட்டுரை அதில் புகழ்பெற்றது. ஐரோப்பிய பால் பவுடரில் தொடங்கிய அந்தச் சண்டை எங்கெங்கோ போயிற்று. தொழுவத்துக்கு மட்டும் அது அதிகம் போகவில்லை.

தமிழ்நாட்டில் ‘பால் சொசைட்டி’ என்று நாம் சொல்லும் அந்தச் சின்னக் கட்டடத்தின் முன் காலையில் நின்றால் தூக்குவாளியோடு வருபவர்களில் பெண்களைப் பார்க்கலாம். பணம் ரொக்கமாகக் கிடைத்த காலத்தில், பாலை ஊற்றியவள் கையில் சில நேரமாவது அது வந்தது. கடைக்குப் போய்ப் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு மீதியை வீட்டில் கொடுத்தாள். வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் ஏறும்போது, உறுப்பினர் யாரோ அவர் கணக்கில்தான் ஏறும். இடைத்தரகர் இல்லை, ஊழல் இல்லை, வெளிப்படையானது என்று இதைப் பாராட்டுகிறார்கள். எல்லாம் சரி. கறந்தவளுக்கும் பணத்துக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன வழியும் அடைபட்டதை யாரும் இழப்பாக எழுதிக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்கள். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியவை. குழுக் கடனில் வாங்கும் பொருள்களில் கறவை மாடு எப்போதும் உண்டு. கடன் படிவத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது; தவணை தவறினால் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பவளும் அவள்தான். அந்த மாட்டின் பால் போகும் சொசைட்டியில் உறுப்பினர் கணவன் என்றால், வாங்கிய கடன் அவள் பெயரிலும் வரும் பணம் அவன் பெயரிலும் இருக்கும். திட்ட அறிக்கையில் இந்த வீடு இரண்டு முறை வெற்றியாக எண்ணப்படும்: பெண்ணுக்குக் கடன் கொடுத்த வகையில் ஒரு முறை, பால் உற்பத்தி கூடிய வகையில் இன்னொரு முறை.

‘மந்தன்’ படத்தை மாணவிகள் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். கூடவே கேதன் மேத்தாவின் ‘மிர்ச் மசாலா’வையும் பார்க்கலாம். ஸ்மிதா பாட்டீல் 1986 டிசம்பரில் இறந்த பிறகு வெளிவந்த படம் அது. அங்கேயும் குஜராத், அங்கேயும் ஒரு சிற்றூர். மிளகாய் இடிக்கும் ஆலைக்குள் கூலிக்கு வேலை செய்யும் பெண்கள், தாங்கள் இடித்த தூளையே கடைசியில் கையில் எடுக்கிறார்கள். பிந்துவுக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைக்கவில்லை. அவள் வீட்டுத் தொழுவத்துக்கும் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான் இருந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி கறந்துகொண்டிருந்திருப்பாள். இருவரையும் சங்கம் பால் ஊற்ற வரிசையில் நிறுத்தியது. கூட்டம் போட்டு உட்கார வைத்தது அவர்கள் வீட்டு ஆண்களை.